உப்பளத்தில் ஒரு தடவை கூப்பிட்டால்

‘என்னோடு பணிபுரிபவர்கள், நான் உதவி கேட்டால் உடனே வருவார்கள்.’ என் கேள்வித்தாள்ல இருந்த வாக்கியம் இது. வேலை செய்யறவங்க மனசைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க எல்லா ஊர்லயும் இதை ஏதோ ஒரு பாஷையில கேக்கறாங்க. படிச்சுக் காட்டணும். அப்புறம், முழுசா ஒத்துக்கறீங்களா, ஓரளவுக்கு ஒத்துக்கறீங்களா, ஒத்துக்கவே மாட்டீங்களான்னு கேட்டு டிக் அடிக்கணும். பாண்டிச்சேரியில எத்தனையோ ஆபீஸ்ல கேட்டிருக்கேன். காபி குடிச்சுக்கிட்டே, போனைப் பாத்துக்கிட்டே பதில் சொன்னாங்க. மரக்காணம் உப்பளத்துல இதைக் கேட்டதுக்கு அப்புறம், யாராவது பின்னாலேர்ந்து கூப்பிட்டா எனக்கு முதுகு விறைச்சுக்குது.

பேய் பிசாசை நம்பறவ இல்ல நான். இதை முதல்லயே சொல்லி வெச்சுடறேன். படிச்ச பொம்பளைக்கு வெயில்ல புத்தி கலங்கிடுச்சுன்னு யாரும் உச்சுக் கொட்ட வேணாம்.

உப்பளத்துக்கு என்னை யாரும் அனுப்பல, நானாதான் போனேன். ஆபீஸ் ஆளுங்களைப் பத்தியே எல்லாரும் எழுதிக்கிட்டு இருந்தாங்க. ஏசி ரூம்ல இருக்கறவனுக்கு மட்டும்தான் மன அழுத்தம் வருமா, உப்பு சுமக்கறவளுக்கு மனசே கிடையாதான்னு என் ஆராய்ச்சி கைடுகிட்ட சண்டை போட்டேன். அவரு சரி, போய்ப் பாருன்னு விட்டுட்டாரு. எங்க வீடு பொம்மையார்பாளையத்துல. அங்கேர்ந்து ஈசிஆர்ல பஸ் ஏறினா, வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல் கண்ணுல பட்டதும் இறங்கிடலாம். ஒரு சீசன் முழுக்க அப்படித்தான் போயிட்டு வந்தேன். கறுத்துப்போனதுல எங்கம்மா என்னை அடையாளம் தெரியலன்னு கிண்டல் பண்ணாங்க.

நான் போனது ஒரு செட்டு பொம்பளைங்ககிட்ட. செட்டுன்னா ஒண்ணா வேலைக்கு வந்து ஒண்ணா கூலி பேசிக்கிட்டு ஒண்ணா வீட்டுக்குப் போறவங்க. ஆம்பளைங்க பாத்தியில உப்பை வாரி வரப்புல குவிச்சு வெச்சுடுவாங்க. இவங்க அதைக் கூடையில அள்ளி, ஒருத்தர் தலையில ஒருத்தர் தூக்கி விட்டு, வரப்பு மேல வரிசையா நடந்து ரோட்டோரம் கொண்டுபோய்க் கொட்டணும். வரப்பு ஒரு ஆள் நடக்கற அகலம்தான் இருக்கும். தலையில கூடை இருக்கறப்ப கழுத்தைத் திருப்ப முடியாது. பின்னால பாக்கணும்னா உடம்பையே திருப்பணும், உப்பு கொட்டும், பின்னால வர்றவங்க மேல முட்டிக்கும். அதனால ஒருத்தர் முதுகை ஒருத்தர் பாத்துக்கிட்டே நடக்கறதுதான் அங்க வேலை. விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சிடுவாங்க. லாரி வர்ற நாள்ல மட்டும் உச்சி வரைக்கும் இழுக்கும்.

முதல் நாள் என் கேள்வித்தாளைப் படிச்சுக் காட்டினப்ப விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ‘பணியிடத்தில் நான் மதிக்கப்படுவதாக உணர்கிறேன்’னு படிச்சேன். செட்டுல மூத்தவங்க, எல்லாரும் பெரியக்கான்னு கூப்பிடறவங்க, அவங்க கேட்டாங்க, இதை யாரு மேடம் எழுதினது, கோர்ட்டு ஆளான்னு. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் தாளை மடிச்சுப் பையில வெச்சுட்டு, அதையே வாய்ப்பேச்சுல கேக்க ஆரம்பிச்சேன்.

அந்தச் செட்டுல வயசு கம்மியான பொண்ணு ஒருத்தி இருந்தா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில வேலை பாத்துக்கிட்டு ஹாஸ்டல்ல இருந்தவ. போன சீசன்ல அவங்கம்மா இதே வரப்புல விழுந்து செத்துட்டாங்க. அவ கம்பெனி வேலையை விட்டுட்டு வந்து, அம்மா இடத்துல கூடை தூக்க நின்னா. ஏம்மா இப்படிப் பண்ணேன்னு கேட்டேன். சுத்தி வளைக்கவே இல்ல அவ.

"எங்கம்மா எப்படிச் செத்தாங்கன்னு எனக்குத் தெரியணும்க்கா. அதுக்குத்தான் வந்தேன்."

எப்படின்னு எல்லாரும் ஏற்கெனவே சொல்லியிருந்தாங்க. லாரி நாள், உச்சி வெயில், வரிசையில கடைசியா வந்துக்கிட்டு இருந்தாங்க, சத்தமே இல்லாம சாஞ்சுட்டாங்க. முன்னால போனவங்க கூடையைக் கொட்டிட்டுத் திரும்பி வந்து பாத்தா பாத்தியில கிடக்கறாங்க. ஆஸ்பத்திரியில மாரடைப்புன்னு சொல்லிட்டாங்க. இந்தச் ‘சத்தமே இல்லாம’தான் அவளுக்குத் தொண்டையில சிக்கிக்கிச்சு. அவங்கம்மா தெருமுனையில நின்னு கூப்பிட்டா பக்கத்துத் தெரு ஆடு கூட திரும்பிப் பாக்குமாம். அப்படிப்பட்டவங்க வாயைத் திறக்காம செத்தாங்கன்னு சொன்னா நான் எப்படிக்கா நம்புவேன்னு கேட்டா. கூப்பிட்டிருப்பாங்க, யாராவது கேட்டிருப்பாங்க, அதைச் சொன்னா போதும், நான் ஹாஸ்டலுக்கே திரும்பப் போயிடுவேன்னு சொன்னா. நான் தலையை ஆட்டினேன்.

உதவி கேட்டா வருவாங்களான்னு அவகிட்டயும் கேட்டேன். ஒத்துக்கவே மாட்டேன்னா. செட்டுல யாரும் அவளைப் பேர் சொல்லியே கூப்பிடறதில்லையாம். ‘இந்தா’, ‘ஏ பொண்ணு’, ‘அவளை வரச்சொல்லு’, அவ்வளவுதான். சின்ன வயசுலேர்ந்து பேர் சொல்லிக் கொஞ்சினவங்கதான் எல்லாரும். வரிசையில அம்மா நடந்த கடைசி இடத்துல அவளை நடக்க விடாம நடுவுல சொருகிடுவாங்களாம். லாரி நாள்ல உச்சி நெருங்கினா, போதும் வீட்டுக்குப் போன்னு விரட்டிடுவாங்களாம். "என்னைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கறாங்கக்கா"ன்னு சொன்னா.

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நானும் ரெண்டு நாள் கவனிச்சுப் பாத்தேன், அவ சொன்னது அச்சு அசல் உண்மை. வேலை செய்யற இடத்துல ஒருத்தரை ஒதுக்கி வெக்கறதைப் பத்தி நாங்க மூட்டை மூட்டையா படிக்கறோம். இது அதேதான்னு தோணுச்சு. கைடுகிட்ட போன்ல சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம், அருமையான கேஸ், விடாதேன்னாரு. அருமையாம். அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்திருந்தா அந்த வார்த்தை வந்திருக்காது. நேரா பெரியக்காகிட்ட போய், ஏங்க, தாயில்லாப் பொண்ணை இப்படியா நடத்துவீங்கன்னு கேட்டுட்டேன். அவங்க என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. இதுல நீங்க தலையிடாதீங்க மேடம்னு சொல்லிட்டுக் கூடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம்தான் ஒவ்வொருத்தரையா தனியா உக்கார வெச்சுப் பேச ஆரம்பிச்சேன். அவங்க சாப்பிட உக்கார்ற கொட்டாய்க்குப் பின்னால நிழல்ல ரெண்டு பேரும் மண்ணுல உக்காந்துக்குவோம். நீங்க பேசறது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான், செட்டுல ஒருத்தருக்கும் போகாதுன்னு முதல்ல சத்தியம் பண்ணுவேன். அது எங்க தொழில் விதி. கையெழுத்து போட்டுத்தான் கிளம்பறோம்.

முதல்ல வந்தது கைக்குழந்தைக்காரி ஒருத்தி. வாயாடி. புருஷன், மாமியார், மேஸ்திரி எல்லாரையும் கிழிகிழின்னு கிழிச்சா. உதவின்னா கூட வேலை செய்யறவங்க உடனே வருவாங்களாம்மான்னு கேட்டேன். உடனே வர மாட்டாங்க மேடம், ரெண்டாவது தடவை கூப்பிட்டாத்தான் வருவாங்கன்னு சொன்னா. எனக்குப் புரியல. அவளே விளக்கினா. உச்சி வெயில்ல உப்பளத்துல பின்னாலேர்ந்து கூப்பிட்டா முதல் தடவையிலயே திரும்பக் கூடாது. மனுஷங்கன்னா மறுபடியும் கூப்பிடுவாங்க. மத்தது ஒரு தடவைதான் கூப்பிடும், அதுவும் தெரிஞ்சவங்க குரல்லதான் கூப்பிடும். திரும்பினா பிடிச்சுக்கும். உப்பு சுமக்கற எல்லாருக்கும் இது தெரியுமாம். வரப்புல முதல் தடவை நடக்கும்போதே சொல்லிக் குடுத்துடுவாங்களாம்.

சொல்லிட்டுக் குரலைத் தாழ்த்தினா. அந்தப் பொண்ணோட அம்மா செத்த அன்னிக்கு ஒரு குரல் கேட்டுச்சுன்னு சொன்னா. அந்தக்கா குரல்தான், ஒரே ஒரு தடவை. திரும்பல. ரெண்டாவது தடவை வரலையே, அதான் திரும்பல. "எனக்கு மட்டும்தான் மேடம் கேட்டுச்சு. மத்தவங்களுக்குக் கேட்டிருந்தா அவங்க நின்னிருப்பாங்கல்ல? ஒருத்தரும் நிக்கல." அதனால அது அந்தக்கா இல்ல, அந்தக்காவைக் கொண்டுபோனதுதான் அவங்க குரல்ல கூப்பிட்டுச்சுன்னு முடிவு பண்ணிட்டா. என்னன்னு கூப்பிட்டுச்சுன்னு கேட்டேன். கையால வாயைப் பொத்திக்கிட்டா. அதுங்க கூப்பிட்டதைத் திருப்பிச் சொல்லக் கூடாதாம். யாருகிட்டயும் சொல்லிடாதீங்கன்னு என் காலைத் தொட வந்தா. பதறிப்போயிட்டேன்.

மறுநாள் அடுத்தவங்க வந்தாங்க. அதே கேள்வியைக் கேட்டேன். அவங்களும் குரலைத் தாழ்த்தினாங்க. ஒரு குரல் கேட்டுச்சு மேடம், எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. அதுக்கு அடுத்தவங்களும் அதையேதான் சொன்னாங்க. எழுதறதை நிறுத்திட்டேன். பேய்க்குப் பயந்து இல்ல. அன்னிக்கு வரிசையில நடந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கு. தலையில கூடையோட முன்னால போறவ முதுகைப் பாத்துக்கிட்டு, அவ திரும்பலையே, அப்ப எனக்கு மட்டும்தான்னு ஒவ்வொருத்தியும் நினைச்சிருக்கா. முன்னால போனவளும் அவளுக்கு முன்னால போனவளைப் பாத்து அதையேதான் நினைச்சிருக்கா. அன்னிலேர்ந்து ஒரே கொட்டாயில ஒண்ணா உக்காந்து சாப்பிடறாங்க, ஒருத்தி குழம்பை ஒருத்தி ஊத்திக்கறாங்க, இதை மட்டும் ஒருத்திகிட்ட ஒருத்தி சொல்லல.

கடைசியா பெரியக்கா வந்தாங்க. அன்னிக்கு அந்தம்மாவுக்கு நேர் முன்னால நடந்தவங்க அவங்கதான். கேள்வியை நான் கேக்கவே இல்ல, கேக்க எனக்கு மனசு வரல. அவங்களா பேசினாங்க.

"மத்தவங்க நடந்துக்கிட்டே இருந்தாங்க மேடம். நான் நின்னேன். முதுகுல கை வெச்ச மாதிரி கேட்டுச்சு. இன்னொரு தடவை கூப்பிடு, கூப்பிட்டா திரும்பிடறேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு நின்னேன். கூப்பிடல. நடந்துட்டேன்."

இப்ப வரிசையில கடைசியா நடக்கறது அவங்கதான். வேற யாரும் அந்த இடத்துக்கு வர்றதில்ல. அவங்களும் விடறதில்ல.

அன்னிக்குப் பஸ்ஸுல கைடுக்குப் போன் போட்டேன். எல்லாருக்கும் கேட்டிருக்கு சார், ஆளாளுக்குத் தனக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டுச் செத்துச் செத்துப் பிழைக்கறாங்க, நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்னேன். சொல்லவே கூடாது, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட கொண்டுபோனா நாம ஆராய்ச்சி பண்ணவே லாயக்கில்லன்னாரு. நியாயம்தான். அந்த நியாயத்தைத் தூக்கிக் குப்பையில போடணும் போல இருந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரரு நான் முணுமுணுத்த கெட்ட வார்த்தையைக் கேட்டுட்டுத் தள்ளி உக்காந்துக்கிட்டாரு.

அந்த வாரம் பூரா மத்தியானத்துல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, பதிவு பண்ண பேச்சை எல்லாம் எழுதிக்கிட்டு இருந்தேன். வேற வேற குரல், ஒரே வாக்கியம். எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு, எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. ஒரு நாள் எழுதி முடிச்சு ஹெட்போனைக் கழட்டி வெச்சேன். வீட்டுப் பின்பக்கத்துலேர்ந்து எங்கம்மா கூப்பிட்டாங்க. கேட்டுச்சு, நல்லாவே கேட்டுச்சு. ஆனா நான் எழுந்திருக்கல. கழுத்து அப்படியே நின்னுடுச்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எங்கம்மா மறுபடியும் கத்தின அப்புறம்தான் உயிர் வந்துச்சு. காதுல என்னடி பஞ்சா, துணி எடுன்னா கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்னு திட்டினாங்க. அந்தத் திட்டு அவ்வளவு இனிப்பா இருந்துச்சு.

அந்தப் பொண்ணு என்னைப் பஸ் ஸ்டாப்புல பிடிச்சுட்டா. உங்ககிட்ட எல்லாரும் பேசிட்டாங்க, எனக்குத் தெரியும்னா. அப்புறம் கேட்டா.

"எங்கம்மா கூப்பிட்டாங்களாக்கா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். இல்லம்மா, நீ கண்டதையும் யோசிக்காதேன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல. எதுவும் என்னால சொல்ல முடியாதும்மா, விதின்னு ஒண்ணு இருக்குன்னேன். அவ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா. கண்ணு நிறைஞ்சுடுச்சு, ஆனா வழியல. பஸ் வந்துடுச்சு. படியில காலை வெச்சுட்டுத் திரும்பினேன். ஒவ்வொருத்தரா கேக்காதேன்னு சொன்னேன். எல்லாரும் ஒண்ணா உக்காந்திருக்கறப்ப கேளு. அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது. இதுலயே விதியில பாதி உடைஞ்சிருக்கும், உடையட்டும்னு விட்டுட்டேன்.

அடுத்த லாரி நாள் நானும் போயிருந்தேன். உச்சிக்கு அவளை வீட்டுக்கு விரட்டினாங்க. அவ போகல. கொட்டாயில எல்லாரும் சோத்தைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவ நடுவுல வந்து நின்னு, எல்லாரையும் பாத்துக் கேட்டா. அன்னிக்கு எங்கம்மா கூப்பிட்டாங்களா, யாருக்காவது கேட்டுச்சா?

எல்லாரும் சோத்தைப் பாத்தாங்க. கைக்குழந்தைக்காரிதான் முதல்ல உடைஞ்சா. கையில பிசைஞ்ச சோறு அப்படியே இருக்க, எனக்குக் கேட்டுச்சுடின்னா. பெரியக்கா வெடுக்குன்னு திரும்பி, உனக்கான்னு கேட்டாங்க. ஓரத்துல இருந்தவங்க, எனக்கும்னாங்க. அவங்க பக்கத்துல இருந்தவங்களும் எனக்கும்னாங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஐயோ, உனக்கும் கேட்டுச்சா, நான் எனக்கு மட்டும்னு நினைச்சேனேன்னு ஒருத்தி சிரிக்கறா, இன்னொருத்தி அழறா, எச்சில் கையோட கட்டிப் பிடிச்சுக்கறாங்க. அவ்வளவு நாள் சுமையையும் அந்த இடத்துலயே இறக்கின மாதிரி இருந்துச்சு. எனக்கும் அழுகை வந்துடுச்சு.

கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒவ்வொருத்தர் முகமா மாறுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சுன்னா அது காத்தும் இல்ல கருப்பும் இல்ல, அந்தம்மாவேதான். உயிரோட கூப்பிட்டிருக்காங்க. இது அவங்களுக்கு உறைக்கறதை நான் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். யாரும் யாரையும் பிடிச்சுக்கிட்டு இல்ல இப்ப. அந்தப் பொண்ணு மட்டும் நின்ன இடத்துலயே நின்னா.

"எல்லாருக்கும் கேட்டுச்சா"ன்னா, மெதுவா. அப்புறம், "யாரைக் கூப்பிட்டாங்க?"

பெரியக்கா எழுந்து கையைக் கழுவிக்கிட்டு வந்து அவ மணிக்கட்டைப் பிடிச்சாங்க.

"நீ எங்கயோ கம்பெனியில இருந்தியேடி. இங்க இல்லாத ஆளைக் கூப்பிட்டா நாங்க என்னான்னு நினைக்கறது? அது உன்னைத் தேடுதுன்னு நினைச்சோம். உன் பேரை இந்த மண்ணுல சொன்னா அதுக்குக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்னு பயந்தோம்."

நடுவுல நடக்க வெச்சது, உச்சிக்கு விரட்டினது, பேர் சொல்லாதது எல்லாம் அந்த ஒரு நிமிஷத்துல எனக்கு விளங்கிடுச்சு. ஒதுக்கறாங்கன்னு நான் எழுதி வெச்சிருந்தேனே, அது ஒதுக்கறது இல்ல, ஒளிச்சு வெக்கறது. ஒவ்வொருத்தியும் யாருக்கும் சொல்லாம, தனித்தனியா, அவளை ஒளிச்சு வெச்சிருக்கா.

பெரியக்கா அவ பேரைச் சொன்னாங்க. அன்னிக்கு அந்தம்மா எப்படிக் கூப்பிட்டாங்களோ அப்படியே, கடைசியில நல்லா நீட்டி, ஒரே ஒரு தடவை. கொட்டாயில இருந்த எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டாங்க. அந்தக் குரல்தான்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கல.

அவ கையை விடுவிச்சுக்கிட்டா. கோபமா இல்ல. கொட்டாயை விட்டு வெளியே போனா, வெயில்ல, வரப்பு ஆரம்பிக்கற இடம் வரைக்கும். பாத்தி எல்லாம் கண்ணைக் கூசற மாதிரி வெள்ளையா கிடந்துச்சு, ஒரு ஆள் இல்ல. சமையக்கட்டுலேர்ந்து கூப்பிட்ட அம்மாவுக்கு வாசல்லேர்ந்து பதில் சொல்ற பொண்ணு மாதிரி, சாதாரணமா சொன்னா.

"இன்னாம்மா."

அப்புறம் அங்கயே நின்னா. கொட்டாயில யாரும் அசையல. சோத்துல ஈ உக்காந்துச்சு, யாரும் ஓட்டல. பெரியக்கா உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கிட்டு இருந்துச்சு. எதையும் நம்பாதவ நான், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டாவது தடவை கூப்பிடட்டும்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம்.